ஸ்தோத்திரபலி என்னும் தொடர்

தமிழ்க் கிறித்தவரின் வழிபாட்டுமொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர்களுள் 'ஸ்தோத்திரபலி' என்பது ஒன்று. மகப்பேறு, மணவினை, நோய் நீக்கம், தேர்வில் வெற்றி ஆகியவற்றை ஒட்டிச் சபையார் கூடும்பொழுதெல்லாம் இத்தொடர் செவியில் விழும். வழக்கு மிகுதியால் இதன் வியப்புத் தேய்ந்துவிட்டது. ஆயினும் சொல்லமைதியை உற்று நோக்குவார்க்கு ஒரு முரண் புலனாகாமற் போகாது. ஸ்தோத்திரம் வாயின் செயல். பலி கையின் செயல். முன்னது ஓசையாய் எழுந்து காற்றில் கலப்பது. பின்னது பொருளாய்ப் பீடத்திற் கிடப்பது. இரண்டனையும் ஒன்றாகத் தொகுத்தல் எவ்வாறு பொருந்தும் என்பதே ஈண்டு எம் ஆராய்ச்சிக்குரிய பொருள். சமயக் கோட்பாட்டை நிறுவுதல் எம் நோக்கமன்று. ஒரு தொகைச்சொல்லின் பொருட்பரப்பை அளந்து, அதனைக் கையாண்ட மொழிபெயர்ப்பாளரும் புலவரும் அதற்கு எத்துணை நீதி செய்தனர் என்று காண்டலே கருதியது.

முதற்கண் இலக்கணம். இத்தொகையை விரிக்குங்கால் மூன்று வழிகள் தோன்றுகின்றன. ஸ்தோத்திரத்தின்பொருட்டு இடும் பலி என விரிப்பின் நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாம். ஸ்தோத்திரமாகிய பலி என விரிப்பின் இருபெயரொட்டுப் பண்புத்தொகையாம். இவ்விரண்டாம் விரியையே உருவகமாகக் கொள்வாரும் உளர். அவர்க்குப் பலி என்பது அணி மட்டுமே, பாதமலர் என்புழி மலர் போல. விவிலியத்தில் இத்தொடர் வரும் இடங்களை வைத்து நோக்கின், லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் முதல் விரியே பொருந்தும். ஆங்கு விலங்கும் அப்பமும் உண்மையாகவே படைக்கப்படுகின்றன. எபிரெயர் 13ஆம் அதிகாரத்தில் விலங்கு இல்லை. ஆகலின் பின்னிரண்டனுள் ஒன்றே கொள்ளற்பாலது. அஃது இருபெயரொட்டா, உருவகமா? இவ்வினா இலக்கண வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. மாமரம் என்புழி மாவும் உண்மை, மரமும் உண்மை. பாதமலர் என்புழிப் பாதம் உண்மை, மலர் ஒப்புமை. துதியானது மெய்யாகவே பலியாகுமா, அன்றிப் பலியைப் போன்றது என்னும் அளவில் நிற்குமா என்பதே சிக்கல். இது விளங்காதவரை, ஆவிக்கேற்ற பலி என்று பேதுருவின் முதல் நிருபம் கூறுவதும் நமக்கு விளங்கப் போவதில்லை.

பலி என்னும் சொல்லைக் கேட்ட அளவில் இன்று நம் நெஞ்சில் எழுவது கத்தியும் குருதியுமே. பழந்தமிழில் அச்சொல்லின் நிலை அத்துணைக் குறுகியதன்று. தெய்வத்திற்கும் பூதத்திற்கும் இடும் சோறும் பூவும் பலி. பொதியிற் கந்தில் உறையும் கடவுட்கு ஊரார் இட்டதும் பலி. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய குறுந்தொகைப் பாட்டொன்று ஈண்டு பெரிதும் நினைக்கத்தக்கது. தலைவன் வருகையைக் கரைந்து உணர்த்திய காக்கைக்கு, நள்ளியின் கானத்து ஆயர் பசுக்களின் நெய்யையும் தொண்டி நகரத்து நெல்லின் வெண்சோற்றையும் ஏழு கலத்தில் ஏந்தினும் சிறிதே என்று தோழி கூறுகின்றாள். அக்காக்கைக்கு உரிய உணவை அவள் சுட்டும் சொல் பலி என்பதே. இங்கே கொலை இல்லை; அச்சம் இல்லை; தெய்வத்தின் சினத்தைத் தணிக்கும் நோக்கமும் இல்லை. நற்செய்தி கொணர்ந்த ஒன்றற்கு நன்றியால் இடும் சோறே பலி எனப்படுகின்றது. நன்றிப்பலி என்னும் கருத்துக்குத் தமிழில் இதனினும் இனிய சான்று எமக்குக் கிடைத்திலது.

பின்னும் ஒரு வழக்கு உண்டு. தேவாரத்தில் பலி என்பது பிச்சையையும் குறிக்கும். தலையோட்டை ஏந்தி மனைதோறும் செல்லும் பிச்சாடனர் ஏற்பது பலியே. ஆகவே, கடவுட்கு இடுவதும் இரப்பார்க்கு இடுவதும் ஆகிய இரண்டும் ஒரு சொல்லால் வழங்கின. சைவப் பாடல்களில் இரப்பவனே கடவுள் ஆதலின் இரண்டும் ஒரு செயலாகவும் ஆயின. 1871இல் வெளிவந்த விவிலியத் திருத்தப் பதிப்பில் என்றி பவரும் அவர்தம் குழுவினரும் பலி என்னும் சொல்லை ஆண்டபொழுது இவ்வழக்கை எண்ணியிருந்தனர் என்று யாம் கூறவில்லை. சொல் தன் பழைய சுமையோடேயே மொழிபெயர்ப்புக்குள் நுழையும் என்பதே எம் கருத்து. எபிரெயர் நிருபத்தில் துதிப்பலியைக் கூறிய வரியை அடுத்த வரியே நன்மை செய்தலையும் உள்ளதைப் பகிர்தலையும் பலிகள் என்று கூறுகின்றது. கிரேக்கம் அறியாத தமிழ்ப் புலவர் ஒருவர் இவ்விரு வரிகளையும் படிப்பின், பலி என்னும் சொல்லின் இரு பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன என்றே கொள்வார். யாகம், வேள்வி என்னும் சொற்களை ஆண்டிருப்பின் இந்நயம் வாய்த்திராது. தீயின் நினைவே மேலெழுந்திருக்கும். வேள்வி என்னும் சொல்லுக்கும் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் புதுப்பொருள் தந்தார் என்பது உண்மையே. விருந்தினரைப் பேணலே வேள்வி என்று காட்டிய அவர், நெய் சொரிந்து ஆயிரம் வேட்டலினும் ஓர் உயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்றும் புலால் மறுத்தலில் வைத்தார். எனினும் பிற்கால வழக்கு அச்சொல்லை வைதிகச் சடங்குக்கே மீட்டுத் தந்துவிட்டது.

இனி, லேவியராகமத்து நன்றிப்பலியின் இயல்பைக் காண்போம். எபிரேய மொழியில் இதற்குத் 'தோதா' என்று பெயர். அறிக்கையிடுதல், நன்றி கூறல் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. சமாதானபலியின் வகையாகிய இதில் புளிப்பில்லா அப்பங்களோடு புளித்த அப்பமும் இடம்பெறும். இறைச்சியைப் பலியிட்ட நாளிலேயே உண்டு தீர்க்க வேண்டும். மறுநாட் காலைக்கு வைத்தல் ஆகாது. நேர்ச்சைப்பலி இறைச்சியை மறுநாளும் உண்ணலாம் என விதித்த நூல் இதற்கு மட்டும் ஒரு நாளை வரையறுத்தமை ஏன்? ஒரு விலங்கின் இறைச்சியை ஒரே நாளில் ஒருவன் தன் மனையாரோடு மட்டும் உண்டு தீர்த்தல் அரிது. உற்றாரையும் அயலாரையும் அழைத்தே ஆக வேண்டும். அவ்வாறு அழைக்கப்பட்ட அவையில், தான் உற்ற இடரையும் அதனின்று மீண்ட வகையையும் அவன் எடுத்துரைப்பான். சங்கீதங்களுள் பல, மீட்பைப் பலர் நடுவே அறிவித்தலைத் தம் கருவாகக் கொண்டிருத்தல் இதனால் விளங்கும். உணவும் உரையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே தோதா. உரையை மட்டும் வைத்துக்கொண்டு உணவை ஒழித்தது பின்னை வழக்கு.

இவ்வமைப்பைக் கண்ட அளவில் தமிழ் மாணவர்க்கு ஆற்றுப்படை நினைவுக்கு வாராதிராது. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையுற்று எதிர்வருவானைக் கண்டு, தான் பெற்ற வகையைக் கூறி, வள்ளலின்பால் அவனையும் செலுத்துவான். அவன் கூறும் புகழ் இரந்து நிற்போன் கூறும் புகழ் அன்று. பெற்று நிறைந்தோன் கூறுவது. கேட்போன் அதனால் பயன் பெறுவதும் அவ்விலக்கியத்தின் உயிர்நிலை. திருமுருகாற்றுப்படை அதனைக் கடவுள்மேல் ஏற்றிற்று. பாடாண் துறைகளில் வாயுறை வாழ்த்தும் பரிசில் கடாயதும் ஒருபுறம் நிற்க, ஆற்றுப்படை மட்டும் பெற்றதன்பின் எழும் துதியாக நிற்றலின், எபிரேயத் தோதாவுக்கு மிக அணித்தாகிய தமிழ் இலக்கிய வகை அதுவே என்பது எம் துணிபு. தமிழ்க் கிறித்தவப் புலவருள் இவ்வகையின் ஆற்றலை முழுதும் பயன்படுத்தினார் இலர் என்பது வருந்தற்குரியது.

சொல்லின் வரலாற்றில் மற்றொரு செய்தி மிகச் சுவையானது. எபிரெயர் நிருபம் துதியை உதடுகளின் கனி என்று உருவகிக்கின்றது. அவ்வுருவகத்தின் பிறப்பிடம் ஓசேயா 14ஆம் அதிகாரம். ஆயின், ஆண்டு எபிரேயப் பாடத்தில் இருப்பது கனி அன்று, காளைகள். உதடுகளையே காளைகளாகச் செலுத்துவோம் என்பது அப்பாடத்தின் கருத்து. எபிரேயத்தில் காளைகள் என்னும் சொல்லும் கனி என்னும் சொல்லும் எழுத்தளவில் மிக நெருங்கியவை. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தை அதனைக் கனி என்றே கொண்டது. நிருப ஆசிரியர் கிரேக்கத்தைப் பின்பற்றினார். பழைய தமிழ்ப் பதிப்பு ஓசேயாவில் காளைகளையும் எபிரெயரில் கனியையும் அவ்வவ் மூலத்தின்படி காத்துள்ளது. ஒரே கருத்து ஓரிடத்தில் தொழுவத்திலும் ஓரிடத்தில் தோப்பிலும் நிற்பதைத் தமிழ் வாசகன் காணலாம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ எபிரெயரில் கனியை விலக்கிக் காணிக்கை என்று வைத்தது. பொருள் தெளிவாயிற்று, உருவகம் போயிற்று. கனி என்பது உள்ளிருந்து பருவத்தில் முதிர்ந்து வெளிவருவது. காணிக்கை கையால் எடுத்துக் கொடுப்பது. தெளிவின்பொருட்டு உருவகத்தைக் கொடுத்த இவ்வாணிகம் ஊதியமுடையதாக எமக்குத் தோன்றவில்லை.

அதே மொழிபெயர்ப்பு ஸ்தோத்திரபலியைப் புகழ்ச்சிப்பலி ஆக்கியது. வடசொல்லை நீக்கும் நோக்கம் போற்றத்தக்கதே. புணர்ச்சியில் வல்லெழுத்து மிகுந்து தமிழ் இயல்பும் அமைந்தது. எனினும் புகழ் என்னும் சொல்லுக்குத் தமிழ் மரபில் தனித்த பொருள் உண்டு. அஃது ஈவான்மேல் நிற்பது. பெரும்பான்மையும் ஈகையால் விளைவது. உடம்பு மாய்ந்த பின்னும் எஞ்சுவது. திருக்குறளில் ஈகையை அடுத்துப் புகழ் வைக்கப்பட்டதன் காரணமும் இதுவே. இம்மரபுப்படி நோக்கின் கடவுளைப் புகழ்தல் என்பது அவர்தம் ஈகையை முன்னிட்டது என்றாகும். இது தோதாவின் கருத்தோடு நன்கு பொருந்துவதே. ஆனால் புகழ்ச்சி என்னும் வடிவமோ இகழ்ச்சியின் மறுதலையாய், முகமன் உரைக்கும் பொருளிலும் வழங்குவது. புகழ்ப்பலி என்றிருப்பின் இவ்விடர் இல்லை. ஒரு விகுதி செய்யும் வேறுபாடு சிறிதன்று. இவ்வழியே நோக்கின், ஸ்தோத்திரம் என்னும் வடசொல் தமிழில் வேறு பொருள்நிழல் இன்றிக் கிடந்தமையே பழைய மொழிபெயர்ப்பாளர்க்கு ஆக்கமாயிற்று போலும்.

இதுகாறும் சொல்லைக் கண்டோம். அச்சொல் ஒலிக்கும் நிலத்தையும் காண்டல் வேண்டும். ஏனெனில் ஓர் உரைப்பகுதியின் பொருள் அது படிக்கப்படும் இடத்தில் சில வேளை மூலத்தினும் கூர்மை பெறும். வேலூர்க்குத் தெற்கே சவ்வாது மலையடியில் அமைந்த அமிர்தி தொடங்கி, பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி ஈறாக உள்ள நிலப்பகுதி இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்வது. ஆவாரம்பட்டையும் மலைக்காடு தரும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தொழில் இங்கே வளர்ந்தது. தோல் மண்டிகளையும் பதனிடும் சாலைகளையும் நடத்தியோருள் தமிழ் முசுலிம் வணிகர் முதன்மையர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி உழைத்தோருள் ஒடுக்கப்பட்ட குடியினர் பலர். 1853இல் ஸ்கட்டர் குடும்பத்து உடன்பிறந்தார் மூவர் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய ஆண்டுகளில் சேரிகளினின்று பலர் அச்சபையிற் சேர்ந்தனர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபொழுது அம்மிஷன் வழிச் சபைகள் அதனுட் கலந்தன. ஆம்பூரில் மிசௌரி லுத்தரன் மிஷன் வேரூன்றிற்று. அதன் வழிவந்தது 1958இல் உருவான இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

இந்நிலத்தின் மலைச்சரிவுகளில் மற்றொரு வழிபாட்டின் சுவடும் உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்தன பல அவற்றுள் உள்ளன; ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்ட வீரர்க்கு எடுத்தவை பல. தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு துறையாக வகுக்குங்கால், பெரும்படையை அடுத்து வாழ்த்தலை வைக்கின்றது. கல்லுக்குப் படைத்துச் சிறப்புச் செய்தல் முன்னது. அதனைப் பாடி வாழ்த்துதல் பின்னது. பலியும் துதியும் அடுத்தடுத்த இரு வினைகளாக இங்கே நிற்கின்றன. பிறர்பொருட்டு உடம்பைக் கொடுத்தவனே வாழ்த்துக்கு உரியவன் என்னும் கருத்தும் உடன் நிற்கின்றது. கிறித்தவம் இந்நிலத்துக்கு வருமுன்னரே துதியும் பலியும் இங்கு அறிமுகமானவை. இரண்டையும் ஒன்றாக்கியதே புதியது.

எபிரெயர் நிருபத்தின் வாதத்தை இந்நிலத்தில் வைத்துப் படிப்போம். துதிப்பலியைக் கூறும் வரி தனித்து நிற்பதன்று; வழிபாட்டில் அதனைத் தனித்தெடுத்து வழங்குவதால் அதன் முன்பின் மறைந்துவிட்டது. அதற்குமுன், பாவநிவாரணபலியாகக் கொல்லப்பட்ட விலங்குகளின் உடல்கள் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்டமை கூறப்படுகின்றது. இயேசுவும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று கூறி, அவர்தம் நிந்தையைச் சுமந்து புறம்பே செல்லுமாறு ஆசிரியர் அழைக்கின்றார். அதன்பின்னரே துதிப்பலி, அதன்பின்னர் உடனடியாகப் பகிர்தல். எனவே துதிப்பலி இடப்படும் இடம் கோயிலின் உள்ளிடம் அன்று, ஊரின் புறம். லேவியராகமம் 4ஆம் அதிகாரம், புறம்பே கொண்டுபோய் எரிக்கத்தக்கவற்றுள் தோலையும் சாணியையும் எண்ணுகின்றது. மற்று, சர்வாங்க தகனபலியின் தோலோ 7ஆம் அதிகாரப்படி ஆசாரியனுக்கு உரிமை. ஒரே தோல் ஒருவகைப் பலியில் குருவின் வருவாய். மற்றொன்றில் ஊர்ப்புறத்துச் சாம்பல். தோல் பதனிடுவோனாகிய சீமோன் யோப்பா பட்டினத்தில் கடலோரத்தில் குடியிருந்ததையும், பேதுரு அவன் வீட்டில் தங்கியதையும் அப்போஸ்தலர் நடபடிகள் குறித்துள்ளது. உணவுத்தீட்டுப் பற்றிய தரிசனம் பேதுருவுக்கு அவ்வீட்டு மேல்தளத்தில் உண்டானது தற்செயலாக இராது.

ஊர்க்குப் புறம்பே சேரியும், அதற்கும் அப்பால் தோல்தொட்டியும் அமைந்த ஒரு நிலத்தில் இவ்வதிகாரத்தைப் படிப்போர்க்குப் 'பாளயத்துக்குப் புறம்பே' என்பது உருவகம் ஆகாது. அது முகவரி. பெரிய சபைகளின் உரைகாரர் பலர் இத்தொடரை உலக ஆசையினின்று விலகுதல் என்று பொருள்கொண்டு கடந்துவிடுவர். அவ்வுரை பிழையன்று, ஆயின் அஃது உள்ளே இருப்போர் வகுத்த உரை. முன்னரே புறம்பே நிறுத்தப்பட்டவர்க்கு அதே வரி, கடவுள் தம் பக்கத்தில் நிற்கின்றார் என்னும் செய்தியாகும். ஒரு வரிக்கு இரு உரை தோன்றுங்கால், நிருபத்தின் சொல்லோட்டத்துக்கு எது நெருங்கியது என்று காண்பதே திறனாய்வின் கடன். நிந்தை என்னும் சொல் ஆண்டு நிற்றலின் பின்னையதே நெருங்கியது என்பது எம் முடிபு.

தோலைப் பற்றிய பேச்சு பறையை நினைப்பூட்டுகின்றது. இறந்த மாட்டின் தோலால் செய்த பறையை இழவிலும் திருவிழாவிலும் முழக்கியவர், கிறித்தவரானபின் அதனைத் தீட்டுடையதாகவும் அடிமைத்தொழிலின் அடையாளமாகவும் எண்ணி விட்டொழித்தனர். போதகரும் அதனையே விரும்பினர். விட்டதில் நியாயமும் இருந்தது. விளைவோ, இந்நிலத்து எளியோர் தம் கையறிந்த துதிக்கருவியைக் கோயிலுக்கு வெளியே வைத்துவிட்டு, அறியாத ஆர்மோனியத்திற்கும் கருநாடகப் பண்ணுக்கும் தம் நாவைப் பழக்க வேண்டியதாயிற்று. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940-2005) நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறையை அமைத்துப் பறையை மீண்டும் பீடத்தருகே கொணர்ந்தார். 'பரட்டை' என்னும் பெயரில் அவர் எழுதினார். பலர்க்கும் பறையே நினைவில் நிற்கின்றது. எமக்கு அவர்தம் மற்றொரு கருத்தே பெரிதாகப் படுகின்றது. ஒரே உலையில் ஆக்கியதை எல்லாரும் கூடிப் பகிர்ந்து உண்ணலைத் தம் இறையியலின் நடுவில் அவர் வைத்தார். பாட்டையும் சோற்றையும் பிரிக்கலாகாது என்னும் தோதாவின் விதியைத் தமிழ்க் கிறித்தவ எழுத்தில் இத்துணை நேரிதாக மீட்டவர் வேறிலர்.

சமயப் பிரிவுகளுக்குள் எழுந்த சொற்பூசலையும் சுருங்கக் கூறுதல் வேண்டும். நற்கருணை வழிபாட்டைப் பலியாகக் கொள்ளலாமா என்பதில் லூத்தர் 1520இல் மறுப்புரைத்தார். 1562இல் திரெந்து சங்கம் அது பலியே என நிலைநாட்டியது. இடையே 1531இல் மெலாங்தன், பாவத்தை நீக்கும் பலி கிறித்துவின் ஒன்றே என்றும், நன்றிப்பலிகளோ நம்பிக்கையாளர் அனைவர்க்கும் உரியன என்றும் இருவகைப்படுத்தினார். இப்பூசலின் நிழல் தமிழிலும் விழுந்தது. கத்தோலிக்கர் முன்னர்ப் பூசை என்று வழங்கியதை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர்த் திருப்பலி என்றனர். சீர்திருத்தச் சபையார் திருவிருந்து, இராப்போஜனம் என்றே வழங்கி, பலி என்னும் சொல்லைத் துதிக்கும் காணிக்கைக்கும் ஒதுக்கினர். ஒரு சாரார் பலியை வைத்து விருந்தையும், மறுசாரார் விருந்தை வைத்துப் பலியையும் பெயரளவில் விட்டனர். தோதாவிலோ இரண்டும் இருந்தன. இதற்குமேல் இவ்விடத்து யாம் கூறவேண்டுவது இல்லை.

உரோமர் 12ஆம் அதிகாரத்தில் உடம்பையே ஜீவபலியாக ஒப்புக்கொடுக்குமாறு பவுல் வேண்டுகின்றார். அதனை அவர் குறிக்கும் தொடர் பழைய பதிப்பில் 'புத்தியுள்ள ஆராதனை' என்றும் பொது மொழிபெயர்ப்பில் 'உள்ளார்ந்த வழிபாடு' என்றும் வந்துள்ளது. கிரேக்கத்தில் உள்ளது லோகிகே என்னும் அடை. பகுத்தறிவுக்கு ஒத்தது, சொல்லால் அமைந்தது என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. விலங்கைக் கொல்லாது மனத்தாலும் சொல்லாலும் செய்யும் வழிபாட்டை அக்காலத்து மெய்யியலார் அவ்வாறு வழங்கினர். பவுலின் புதுமை யாதெனின், அவ்வடையை அவர் உடம்பின்மேல் ஏற்றியதே. உள்ளார்ந்த என்று மொழிபெயர்த்த அளவில் உடம்பு மீண்டும் பின்தள்ளப்படுகின்றது. புத்தியுள்ள என்பது நயமற்ற சொல்லாயினும் உடம்புக்கு இடம் விட்டு நிற்கின்றது. கடுமொழியைத் திருத்துவோர் சில வேளை கருத்தையும் திருத்திவிடுகின்றனர்.

பலியைச் 'சுகந்த வாசனை' என்று பழைய பதிப்பு பலவிடத்தும் கூறும். பிலிப்பியர் அனுப்பிய பொருளுதவியையும் பவுல் அப்பெயரால் குறிக்கின்றார். நாள் முழுதும் தோல்சாலையில் உழைத்து, குளித்தும் நீங்காத நாற்றத்தோடு கோயிலுக்கு வரும் ஒருவர் இச்சொல்லைக் கேட்குங்கால் என் நினைப்பார்? உடம்பே பலி என்பது மெய்யாயின் அவ்வுடம்பின் மணமே சுகந்தம் ஆதல் வேண்டும். ஆயின் உழைப்பைப் பலியென்று போற்றுதலில் ஒரு தீங்கும் மறைந்துள்ளது. ஒருவரை மற்றொருவர் பலியாக்குதல் வேறு. ஒருவர் தம்மை ஒப்புக்கொடுத்தல் வேறு. தோல்கழிவால் பாலாறும் நிலமும் கெட்டமை பற்றி வேலூர்க் குடிமக்கள் நல அமைப்புத் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. அங்ஙனம் கெட்ட நீரைக் குடித்தோர் எவரும் தம்மை ஒப்புக்கொடுத்தவர் அல்லர். ஆவிக்கேற்ற பலி என்னும் சொல்லால் இவ்வேறுபாட்டை மழுக்குவார் எவராயினும் நிருபத்தின் கருத்துக்கு மாறாயினவரே.

தமிழ்ப் புலவர் பக்கம் திரும்புவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) துதியின் பெருக்கில் இணையற்றவர். படைப்பனைத்தையும் அடுக்கிச் சொல்லி வாழ்த்துவதில் அவர்க்குள்ள வேட்கை, குறவஞ்சியின் வளம்பாடும் மரபோடு நன்கு இயைந்தது. ஆனால் அவர்தம் துதி பெரும்பாலும் அவையின் முன் நிற்கும் கலைஞனின் துதி. கேட்போன் வியப்பான், உணவுக்கு அழைக்கப்படான். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) வேறு இயல்பினர். வைணவராய்ப் பிறந்து வளர்ந்து கிறித்தவரான அவர் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் இடையிடையே அமைந்த பதிகங்களில், தன்னையே ஒப்புவித்து அடைக்கலம் புகும் பத்தியின் குரல் கேட்கின்றது. ஜீவபலி என்னும் கருத்துக்கு ஆழ்வார் நாயன்மார் மரபில் ஒரு நாவை அவர் கண்டெடுத்தார். எனினும் அவ்வொப்படைப்பும் தனியுயிர்க்கும் இறைவற்கும் இடையதே. பிறர் அதனுள் புகுதல் அரிது.

இக்குறையை ஓரளவு நீக்கியவராக மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826-1889) யாம் கருதுகின்றோம். அவர் கத்தோலிக்கர், மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தோர்க்கு ஈந்ததோடு, பஞ்சம் தீருமாறு இறைவனை வேண்டியும் கீர்த்தனைகள் பாடினார். அவர்தம் கொடையைக் கண்டு, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினமை இசை வரலாற்றில் அறியப்பட்டது. சிவனடியார் ஒருவர் கிறித்தவர் ஒருவரைப் பாடிய அப்பாட்டைப் பாடாண் துறையில் அடக்கலாம். இசைநயத்தில் வேதநாயகம் பிள்ளையின் பாடல்கள் அவரைப் பாடிய பாரதியாரின் பாடல்களுக்கு ஈடாகா. ஆயினும் எபிரெயர் நிருபத்தின் அடுத்தடுத்த இரு வரிகளும் ஒருவர் வாழ்வில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமையால், அவர் பாடியது பலியா, பலி போன்றதா என்னும் ஐயத்துக்கு இடமில்லை. முன்னர் எழுப்பிய இலக்கண வினாவுக்கு விடையும் இதனுள் அடங்கியது. சோறு உடன் வந்துழி இருபெயரொட்டு. பாட்டு மட்டும் வந்துழி உருவகம்.

50ஆம் சங்கீதம் இதனைக் கடுமையாகவே கூறுகின்றது. எருதின் இறைச்சியை யான் உண்பேனோ என்று வினவி ஸ்தோத்திரபலியை விதிக்கும் அதே சங்கீதம், சிறிது இறங்கி, கட்டளைகளை வாயால் ஓதிக்கொண்டு கள்வரோடு கூடுவாரைக் கண்டிக்கின்றது. விலங்குப்பலியை மறுத்த அளவில் வாய்ப்பலி தானே தூய்மையாகிவிடாது என்பதைப் பாடியவர் அறிந்திருந்தார். பக்ரீத் நாளில் அறுத்த ஆட்டின் இறைச்சியை ஏழையர்க்குப் பகிர்ந்து, தோலைத் தருமத்துக்கு ஈயும் ஆம்பூர், வாணியம்பாடி முசுலிம்களுக்கும் இது புதிதன்று. இறைச்சியும் குருதியும் அன்று, இறையச்சமே அல்லாஹ்வைச் சேரும் என்பது குர்ஆன் 22ஆம் அத்தியாயத்தின் கருத்து.

தமிழ்க் கிறித்தவப் பெண்டிரிடையே பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு, கலம் நிறைந்தபின் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பர். அதற்கெனப் பாட்டு இல்லை, மந்திரம் இல்லை, எடுக்குங்கால் ஒருவரும் காண்பதும் இல்லை. லேவியராகமம் 2ஆம் அதிகாரம் போஜனபலியை விதிக்குங்கால், ஆசாரியன் மாவிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து நினைவுப் பங்காகப் பீடத்தின்மேல் எரிக்கக் கூறுகின்றது. அந்நூலில் பிடி எடுப்பது ஆசாரியன் கை. இங்கே சோறாக்கும் பெண்ணின் கை. அந்நூலில் பிடி எரிந்து புகையாகின்றது. இங்கே எரிவதில்லை, எவரேனும் ஒருவர் உலைக்குச் செல்கின்றது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு எழுதினார் இதனைக் குறித்திலர். பாட்டாக அமையாதது இலக்கியம் ஆகாது என்று கருதினர் போலும். காக்கைக்கு இட்ட சோற்றைக் குறுந்தொகை பாடியது.